சொல்லாத பெயர்

ஊத்துமேட்டுத் தோட்டம்,
வட ஜொகூர்.
4-7-1948

சௌபாக்கியவதிக்கு,

ஆசீர்வாதம். நீ காஜா பேராங்கில் உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியை மச்சான் போட்ட கார்டில் தெரிந்துகொண்டேன். நீயே இரண்டு வரி எழுதியிருக்கலாம். ரயிலடியில் நான் கையை அசைத்தபோதும் நீ அந்தப் பக்கம் திரும்பி வாழைப்பழக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. அரசாங்கம் நாடு முழுவதும் அவசரகாலம் என்று அறிவித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் ஸ்டோரைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நம் துரை மேசைமேல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். நான் ஒரு தாளை நீட்டினாலும் முதலில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகுதான் தாளை வாங்குகிறார். பத்து வருஷமாகப் பெரிய கிராணியாக இருந்து கணக்கு எழுதி எனக்குக் கிடைத்த மரியாதை இது. இந்த இடத்தில் உன்னை எப்படி வைத்துக்கொள்வது?

இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று துரை சொல்கிறார். அதுவரை பொறுத்துக்கொள். கடுகு டப்பாவை எங்கே வைத்தாய் என்று மட்டும் உடனே எழுது.

மச்சானுக்கும் அவர் வீட்டாருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
க. மாணிக்கவாசகம்

*

காஜா பேராங்,
மலாக்கா.
20-7-1948

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமசுந்தரியின் நமஸ்காரம். இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் துரை சொன்ன இரண்டு வாரம் முந்தாநாளோடு முடிந்துவிட்டது. அவருக்கு நினைவூட்டுங்கள். அவசரம் என்று பெயர் வைத்துவிட்டு இப்படி ஆற அமர நடத்துகிறார்களே.

கலியாணசுந்தரம் அண்ணன் காலையில் தையல் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறார். பகல் முழுக்க நானும் கமலவேணி அண்ணியும்தான். அண்ணி குணத்தில் குறை இல்லை. உலையில் அரிசி போடும்போது மட்டும், "இது நம்ம வீட்டு ஆளுங்களுக்கு" என்று நாலு கை போடுவாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, இன்னும் ஒரு கை போடுவாள். என் அரிசிக் கூப்பன் தோட்டத்துப் பெயரில் அல்லவா இருக்கிறது. அந்த ஒரு கை அரிசி தொண்டையில் இறங்கவில்லை, அத்தான்.

வாழைப்பழக்காரரை நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று திரும்பினேன். கலியாணமாகி எட்டு வருஷமாகியும் இதெல்லாம் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடுகு டப்பா கடுகு டப்பா இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மிளகுக்குப் பின்னால்.

உறைமேல் விலாசம் அண்ணன் எழுதியது. நான் ஏன் எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆபத்து அவசரம் என்றாலும் தந்தி மட்டும் அடித்துவிடாதீர்கள். தந்திச் சேவகர் தெருமுனையில் திரும்பினாலே அண்ணி அழ ஆரம்பித்துவிடுவாள். பிறகுதான் யாருக்கு வந்தது என்று கேட்பாள்.

தங்கள்,
சிவகாமசுந்தரி

*

ஊத்துமேட்டுத் தோட்டம்
28-11-1948

சௌபாக்கியவதிக்கு,

ஆசீர்வாதம். நல்ல செய்தி ஒன்று, சுமாரான செய்தி ஒன்று.

சுமாரானது என் சமையல். கடுகு கிடைத்தது, ஆனால் நான் போட்டால் அது வெடிக்காமல் கருகுகிறது. நேற்று புளிக்குழம்பைப் பார்த்த காவல் போலீஸ்காரர், இது பீப்பாய்க்குப் பூசுகிற தாரா என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டில் ஆள் இருப்பதன் அருமை இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நல்லது என்னவென்றால், தொழிலாளர் லயங்களையும் கிராணி வீடுகளையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டு முடித்துவிட்டார்கள். ஒரே வாசல், வாசலில் காவல். ஆகவே குடும்பங்கள் திரும்பி வரலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. இந்த ஆளின் மனைவி இவர் என்று அரசாங்கத்துப் பதிவில் இருந்தால் போதும், பாஸ் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பதிவு மலாக்காவிலும் சீக்கிரம் நடக்கப் போகிறது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லாரும் படம் எடுத்து, பெருவிரல் ரேகை வைத்து, அடையாளக் கார்டு வாங்க வேண்டும். தயவுசெய்து ஒழுங்காகப் பதிந்துகொள். கேட்டதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லு. இங்கே விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டுவாயே, அதை அரசாங்கத்திடம் செய்யாதே.

இப்படிக்கு,
க. மாணிக்கவாசகம்

*

காஜா பேராங்
16-1-1949

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமசுந்தரியின் நமஸ்காரம். பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. பானையில் அண்ணி போட்ட முதல் கை அரிசி எனக்காம், அவளே சொன்னாள். நல்ல நாள் பார்த்து மனசு இளகியிருக்கிறது.

பதிவு ஆகிவிட்டது. நீங்கள் பெருமைப்படும்படி நடந்துகொண்டேன். கேளுங்கள்.

இங்கே தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் பதிவு. முதலில் படம் எடுத்தார்கள். ஒரே புழுக்கம். முகம் எண்ணெய் வழிகிறது, நன்றாகத் துடையுங்கள் என்று படக்காரர் சொன்னதில் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன், பொட்டும் சேர்ந்து போய்விட்டது. மேலதிகப் பிரதி ஒன்று கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். கொள்ளைக்காரியைப் பிடித்து நிறுத்தியதுபோல இருக்கிறது, யாரிடமும் காட்ட வேண்டாம்.

பிறகு மேசை. அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் ராஜன் பிள்ளை என்று ஒருவர். நெற்றியில் விபூதி, பெயரில் பிள்ளை. அப்பாடா, நம்மவர் என்று நானும் தமிழில் ஆரம்பித்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். இந்த ஊர்ச் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பைச் சேர்ந்தவராம். பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள், கோயிலும் பூசையும் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். தோட்டத்தில் கற்றுக்கொண்ட மலாய் எனக்குக் கைகொடுத்தது. பெயர், ஊர், வயது எல்லாம் டாண் டாண் என்று சொல்லிவிட்டேன்.

"லாக்கி ஆடா?" என்றார். புருஷன் உண்டா என்று கேட்கிறார். தலையாட்டினேன். "நாமா சியாப்பா?" என்றார். பெயர் என்னவாம்.

நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி கேட்டார். பின்னால் வரிசையில் முப்பது பேர். வெட்கத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அப்போதுதான் தெய்வம் கண்ணைத் திறந்தது. அவர் தலைக்கு மேலே சுவரில் மாலை போட்டு நால்வர் படம் மாட்டியிருந்தது. நாலாவதாக நிற்பவர் யார்? உங்கள் பெயர்க்காரர்தானே. விரலை நீட்டி அவரைக் காட்டினேன்.

ராஜன் பிள்ளை அண்ணாந்து பார்த்தார். மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெசியான்", ஐயோ பாவம், என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து எழுதிவிட்டார். சொல்லாமலே புரிந்துகொள்கிற மனிதர். உடனே எனக்கு நாற்காலி போடச் சொன்னார். வரிசையில் நிற்காமலே ரேகை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவருடைய அம்மா பொன்னம்மா, ஒட்டரிசியில் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய புளுட் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்து, என் கன்னத்தைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒரு கார்டு பதிந்ததற்கு இவ்வளவு உபசாரமா என்று அண்ணிக்கு வயிற்றெரிச்சல்.

பாஸுக்கு எழுதிப் போடுங்கள். என் பெட்டி கட்டியாகிவிட்டது.

தங்கள்,
சிவகாமசுந்தரி

*

ஊத்துமேட்டுத் தோட்டம்
20-2-1949

சௌபாக்கியவதிக்கு,

மேலே எழுதியிருக்கிற அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால் நான் இறந்துவிட்டேன்.

விளையாட்டு இல்லை. உன் பாஸுக்கு விண்ணப்பம் போட்டேன். போலீஸார் மலாக்காவுக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது. அப்படி ஒரு பெண் பதிந்திருப்பது உண்மை, விதவை, பரிதாபத்துக்குரியவர் என்று.

நால்வர் படத்தைக் காட்டினாயாம். அந்தச் செட்டிப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மாலை போட்ட படத்தைப் பார்த்துக் கண்ணில் தண்ணீரோடு மேலே கையை நீட்டினால், பொட்டும் இல்லாமல் நின்றால், அவர் வேறு என்ன எழுதுவார்? அவர் அம்மா எதற்கு உன் கன்னத்தைத் தடவினார்கள் என்று இப்போதாவது புரிகிறதா? என் சாவுக்கு வந்த பலகாரத்தைத் தட்டோடு தின்றுவிட்டு எனக்கே அதை வர்ணித்து எழுதியிருக்கிறாய்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய துரை லீவில் சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரை வந்து மூன்று வாரம். போலீஸ் அதிகாரி அவரிடம், "அந்தப் பெண்ணின் புருஷன் இறந்துவிட்டான், அப்படியானால் இங்கே கிராணி என்று உட்கார்ந்திருப்பவன் யார்?" என்று கேட்டார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவனுடைய கார்டை வைத்துக்கொண்டு காட்டிலிருந்து வந்தவனாக இருக்கலாமாம். என்னிடம் ரப்பர் மரத்தில் பாலுக்கு வெட்டுவது எப்படி என்று கேள்வி கேட்டார்கள். நான் கிராணி, கத்தி பிடித்ததில்லை என்றேன். அதையும் சந்தேகத்தோடு எழுதிக்கொண்டார்கள்.

வழி ஒன்றுதான். நீ மலாக்கா போலீஸில் நேரே போய், உன் புருஷன் பெயரை உன் வாயால் சொல்லி, உயிரோடு இருக்கிறார் என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அண்ணன் சொன்னால் செல்லாதாம், கேட்டுவிட்டேன். எட்டே எழுத்து, ஒரு மூச்சு வேலை. சொல்லிவிடு.

உயிரோடிருக்கும்,
க. மாணிக்கவாசகம்

*

காஜா பேராங்
27-2-1949

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமசுந்தரியின் நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாமி அறையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒன்பது முறை பொட்டு வைத்துக்கொண்டேன்.

அண்ணன் போலீஸுக்குப் போய் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பெண்சாதியே வந்து சொல்ல வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராஜன் பிள்ளை ஓடிவந்து வாசலில் கைகட்டி நிற்கிறார். பொன்னம்மா அந்தத் தட்டை எப்படித் திரும்பக் கேட்பது என்று தெரியாமல், இன்னொரு தட்டு புளுட் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இது நீங்கள் உயிரோடு இருப்பதற்காம்.

ஆனால் நீங்கள் கேட்பதை என்னால் செய்ய முடியாது.

நான் கர்நாடகம் என்று சிரிப்பீர்கள். என் அம்மா தன் புருஷன் பெயரைச் சொன்னதில்லை, அவளுடைய அம்மாவும் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். அமைதியான காலமாக இருந்தால்கூட ஒரு வேளை துணிந்திருப்பேன். நீங்கள் இருப்பதோ முள்கம்பிக்குள். பேப்பரைப் பிரித்தால் அந்தத் தோட்டத்தில் சுட்டார்கள், இந்த ரோட்டில் லாரியைக் கொளுத்தினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில், உங்கள் ஆயுசில் ஒரு நாளைக்கூட நான் வாயால் செலவழிக்க மாட்டேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளையா குட்டியா?

அரசாங்கத்துக் காகிதத்தில் இறந்தால் இறந்துபோங்கள். நிஜத்தில் இருங்கள், அது போதும் எனக்கு. அண்ணி போடும் ஒரு கை அரிசியைத் தின்றுகொண்டு இங்கேயே கிடக்கிறேன்.

கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

தங்கள்,
சிவகாமசுந்தரி

*

டவுன் போலீஸ் ஸ்டேஷன்
13-3-1949

சௌபாக்கியவதிக்கு,

ஆசீர்வாதம். மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்று நாளாக இங்கே வைத்திருக்கிறார்கள். அடிக்கவில்லை. தினமும் சோறு வருகிறது, என் சமையலைவிட நன்றாகவே இருக்கிறது. சார்ஜன்ட் நல்லையா நம்மவர். இந்தக் கடிதத்தை அவர்தான் தபாலில் சேர்க்கிறார்.

சங்கதி இதுதான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மலாக்காவிலிருந்து நான் யார் என்று உறுதி வராவிட்டால் தடுப்புமுகாமுக்கு அனுப்புவார்கள். விசாரணை கிடையாது, அவசரகாலச் சட்டம். அங்கிருந்து சிலரைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்களாம். நான் பிறந்தது தைப்பிங்கில். இந்தியாவில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

போன கடிதத்தில் உன்னை எகத்தாளமாகப் பேசிவிட்டேன். உன் பதிலை இங்கே உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். நீ என் பெயரைச் சொல்லாததில் எனக்கு எப்போதும் உள்ளூர ஒரு பெருமை உண்டு. உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அதனால் உன்னைக் கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. உன் மனசு எப்படிச் சொல்கிறதோ அப்படிச் செய். எதுவாக இருந்தாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்றுதான் பயம், வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
க. மாணிக்கவாசகம்

*

காஜா பேராங்
21-3-1949

அன்புள்ள அத்தானுக்கு,

சிவகாமசுந்தரியின் நமஸ்காரம்.

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்து முடித்ததும் செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினேன். அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி வந்தார். ராஜன் பிள்ளையும் சாட்சி சொல்ல வந்தார். அண்ணி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள், ஆனால் என் கையை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். "உங்க வீட்டுக்காரரு பேரு என்னம்மா?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. எழுதிக்கொள்ளணும், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன், இந்த முறை சுவரில் இருந்த பல்லி ஓடியது. மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன். "மாணிக்கவாசகம், என் புருஷன், உயிரோட இருக்காரு, அவரை எனக்குத் திருப்பிக் கொடுங்க" என்று போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ரிக்‌ஷாக்காரர் நின்று எட்டிப் பார்த்தாராம். ராஜன் பிள்ளை ஓவென்று அழுதுவிட்டார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது.

அன்றைக்கும் அடுத்த நாளும் எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. மூன்று தடவை சொல்லிவிட்டோமே, என்ன ஆகுமோ என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். உங்களை விட்டுவிட்டார்களாம், பாஸும் தயாராம். உடம்பு எப்படி இருக்கிறது, காய்ச்சல் தலைவலி ஏதாவது உண்டா என்று கேட்கச் சொல்லி அந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். பாவம், அவர் மறுபடி வந்து, ஒன்றும் இல்லை, ஸ்டேஷனில் இருந்ததில் சதை போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, பெயரைச் சொன்னேன், நீங்கள் சாகவில்லை. அண்ணியிடம் இதைச் சொன்னேன். அவள் உடனே உள்ளே போய் அண்ணன் பெயரை ரகசியமாக ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாள்.

நேற்று பெட்டியை மறுபடி கட்டும்போது உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். அப்போது ஒன்று உறைத்தது. எல்லாவற்றிலும் சௌபாக்கியவதிக்கு, சௌபாக்கியவதிக்கு. ஊரில் சௌபாக்கியவதிகள் எத்தனையோ பேர். என் பெயர் ஒரு கடிதத்திலும் இல்லை. வீட்டில் இருந்தால் "இந்தா". ஆள் முன்னால் "நம்ம வீட்டில". பாஸ் விண்ணப்பத்தில் எழுதியிருப்பீர்கள், அது அரசாங்கத்துக்கு எழுதியது. எட்டு வருஷத்தில் எனக்கென்று ஒரு தடவையாவது என் பெயரை எழுதினீர்களா, கூப்பிட்டீர்களா? பெண்சாதி பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நீங்கள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள்?

எனக்குப் பிடித்த பெயர் அது, அத்தான். கலியாணமான நாளிலிருந்து அது சும்மாவே கிடக்கிறது.

வருகிற சனிக்கிழமை தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஆனால் பெட்டி இன்னும் அறைக்குள்தான் இருக்கிறது. போலீஸில் நான் மூன்று தடவை சொன்னேன். நீங்கள் ஒரு தடவை சொன்னால்தான் பெட்டி வாசலுக்கு வரும். எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

உறையைப் பார்த்தீர்களா? விலாசம் என் கையெழுத்து.

சிவகாமசுந்தரி

*

தந்தி
23-3-1949

யாரும் அழ வேண்டாம். சிவகாமசுந்தரி சிவகாமசுந்தரி சிவகாமசுந்தரி. சனிக்கிழமை ரயிலடியில் நிற்பேன். மாணிக்கவாசகம்